பூனைக்காலி விதையும் வடிவம் மாறிய புரதமும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் விதுராவைக் கடந்ததும் கல்லாற்றில் வண்டியை நிறுத்திக் கால் நனைப்பார்கள். அதற்கு மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். மலையடிவாரத்தில் மருதாமலை என்ற இடத்தில், 2008இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. மூளைச் செல்கள் ஏன் அழிகின்றன என்பது அங்குள்ள உயிரியலாளர்கள் ஆராயும் கேள்விகளில் ஒன்று.

இந்தக் கேள்விக்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. கேரளத்துக் காட்டோரங்களில் பூனைக்காலிக் கொடி படர்ந்து கிடக்கும். அதன் காயைத் தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். ஆயுர்வேதம் கம்பவாதம் என்று சொல்லும் நடுக்க நோய்க்கு அதன் விதை ஒரு மருந்து. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பொருள் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாக நிலைபெற்றது. இன்றும் அதற்கு ஈடான மருந்து இல்லை. (கடையில் விற்கும் விதைப் பொடியை மருத்துவரைக் கேட்காமல் யாரும் சாப்பிட வேண்டாம். அளவு தப்பினால் ஆபத்து.)

லெவோடோபா மூளைக்குள் டோபமின் என்ற வேதிப்பொருளாக மாறி, கைகால் நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கும். ஆனால் டோபமினைச் சுரக்கும் செல்கள் சாவதை அது தடுக்காது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். ஓட்டை எங்கே என்பதுதான் கேள்வி.

1997இல் விடை கிடைக்கத் தொடங்கியது. பரம்பரையாகப் பார்க்கின்சன் வரும் சில குடும்பங்களில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தது. நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் காணப்படும் லூயி உருண்டைகளும் இதே புரதத்தால் ஆனவை என்று அதே ஆண்டில் தெரிந்தது. 140 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம் இது. நரம்பு முனையில் டோபமினைச் சுமக்கும் நுண்பைகளோடு ஒட்டி நின்று, அவை சரக்கை இறக்க உதவுகிறது. தனியாக இருக்கும்போது இதற்கு நிலையான உருவமே கிடையாது; யாரோடு சேருகிறதோ அதற்கேற்ப வடிவம் கொள்ளும். நுண்பையோடு சேர்ந்தால் சுருள். தன் இனத்தோடே சேர்ந்து அடுக்கிக்கொண்டால் தகடு. சுருள் வேலை செய்கிறது, தகடு நோயாகிறது.

சுருளும் தகடும் எந்தக் கோணங்களில் சாத்தியம் என்று 1963இல் வரைபடம் போட்டுக் காட்டியவர் எர்ணாகுளத்தில் பிறந்து சென்னையில் ஆய்வு செய்த ஜி.என்.ராமச்சந்திரன். உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் இன்றும் அவர் பெயரால்தான் அந்தப் படத்தை அழைக்கிறார்கள். முதுமையில் அவரையே பார்க்கின்சன் பீடித்தது, 2001இல் காலமானார். இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

சுருள் தகடாவது எப்படி? மும்பை ஐ.ஐ.டி.யின் சமீர் மாஜி குழு 2020இல் ஒரு முக்கியமான படியைக் காட்டியது. பொன்முடியில் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனித் துளிகளாகிறதே, அதைப் போலப் புரதமும் செல்லுக்குள் துளிதுளியாகத் திரளுகிறது. முதலில் நீர்மம். நாளாக ஆகக் கூழாகி, பிறகு இறுகி இழையாகிறது. நுண்ணோக்கியில் பெரிதாகத் தெரியும் உருண்டையைவிட, அதற்கு முந்தைய சிறு திரள்களே செல்லை அதிகம் சேதப்படுத்துகின்றன என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிகிச்சையும் அந்தக் கட்டத்தைக் குறிவைக்க வேண்டும் என்றே எனக்கும் தோன்றுகிறது.

இறுகிய இழை சும்மா இருப்பதில்லை. ஒரு சொட்டு உறைமோர் பாலையெல்லாம் தயிராக்குவதுபோல, நல்ல புரதத்தையும் தன் வடிவுக்கு இழுக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நோயாளிகளின் மூளையில் பொருத்தப்பட்ட இளம் நரம்புச் செல்களுக்குள்ளும் லூயி உருண்டைகள் தோன்றியிருந்ததை 2008இல் மருத்துவர்கள் கண்டார்கள். அல்சைமர் நோயில் அமிலாய்டு, டௌ என்ற புரதங்களும் இதே போன்ற வழியில் பெருகுவதாகக் கருதப்படுகிறது.

இந்த உறை ஊற்றும் குணமே இப்போது பரிசோதனையாகியிருக்கிறது. முதுகுத் தண்டு நீரில் ஒரு சொட்டை நல்ல புரதத்தில் கலந்து, அது இறுகுகிறதா என்று பார்க்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 சதவீதத்தினரிடம் இது நோயைக் காட்டியது. நடுக்கம் இன்னும் தொடங்காமல் மோப்பம் மட்டும் குறைந்திருந்த சிலரின் சொட்டும் புரதத்தை இறுக வைத்தது.