வெளிமாநிலம் போகும் லாரிக்கு நேஷனல் பெர்மிட்: குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் லாரி எடுத்து, அதன் வருமானத்தில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. வண்டி கைக்கு வந்ததும் வெளிமாநில லோடு ஏற்றிவிட முடியாது. அதற்கான அனுமதி பற்றி லாரி உரிமையாளர் மட்டுமல்ல, வீட்டிலுள்ளவர்களும் தெரிந்திருப்பது நல்லது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் கட்டாயம். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சிறு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாடு முழுவதும் ஓட்ட நேஷனல் பெர்மிட் வேண்டும். பொதுவாக 12 ஆண்டுகளைக் கடந்த லாரிக்கும், 15 ஆண்டுகளைக் கடந்த மல்ட்டி ஆக்சில் லாரிக்கும் இது கிடைக்காது. பழைய வண்டி வாங்குவோர் விலை பேசும் முன்பே ஆர்.சி.யில் உள்ள ஆண்டைப் பாருங்கள்.

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. பெர்மிட் 5 ஆண்டுகளுக்கு. ஆனால் அதனுடன் தரப்படும் அங்கீகாரச் சான்று ஒரு நேரத்தில் ஓராண்டுக்கு மேல் செல்லாது. ஆண்டுக்கு ரூ.16,500 ஒருங்கிணைந்த கட்டணம் செலுத்தி அதைப் புதுப்பிக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்திலேயே கட்டலாம். "பெர்மிட்தான் இருக்கிறதே" என்று இதை விட்டுவிடாதீர்கள்.

எஃப்.சி., இன்சூரன்ஸ், சாலை வரி, புகைச் சான்று ஆகியவையும் நடப்பில் இருக்க வேண்டும். எஃப்.சி.யை வண்டிக்கு 8 வயதாகும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடு: நம் லாரி பெங்களூரில் சரக்கு ஏற்றிச் சேலத்தில் இறக்கலாம், பெங்களூரில் ஏற்றி மைசூரில் இறக்கக் கூடாது. பிற மாநிலத்தின் உள்ளூர் லோடுக்கு நேஷனல் பெர்மிட் இடம் தராது.

பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம்; 6 மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து நேர்ந்தால் சுமை இன்னும் பெரிது. பெர்மிட் இன்றி ஓட்டுவது இன்சூரன்ஸ் நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு கொடுத்தாலும், அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். அது பல லட்சமாகவும் இருக்கலாம். வீடு வாசலை விற்க வேண்டிய நிலை கூட வரலாம்.

பெர்மிட் வைத்திருந்தவர் வஃபாத்தாகிவிட்டால் என்ன செய்வது? 82ஆம் பிரிவின்படி, வண்டியைப் பெற்ற வாரிசு 30 நாட்களுக்குள் பெர்மிட் வழங்கிய அலுவலகத்துக்கு மரணத்தையும், தாம் வண்டியை ஓட்டவிருப்பதையும் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் 3 மாதம் அதே பெர்மிட்டில் ஓட்டலாம். அந்த 3 மாதத்துக்குள் பெர்மிட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யையும் மாற்ற வேண்டும். துக்கத்தில் இந்த நாட்கள் தெரியாமல் கடந்துவிடும்; உறவினர்கள் யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட், அங்கீகாரச் சான்று, எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி ஆகியவை முடியும் தேதிகளை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். எல்லாவற்றின் நகலும் வீட்டில் ஒரு செட் இருக்கட்டும்.