படுக்கையருகே ஓர் ஆங்கிலத் தேர்வு

வானம் பார்த்த கரிசல் பூமியில் உழவை மட்டும் நம்பி வாழ இயலாது என்று கண்ட சிவகாசி மக்கள், 1920களில் தீப்பெட்டித் தொழிலைக் கைக்கொண்டனர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று அத்தொழிலின் நுணுக்கங்களைக் கற்றுத் திரும்பினர். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் தழைத்தன. தொலைவூர் சென்று கற்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

செவிலியர் பணியின் அருமையையும் இவ்வட்டாரம் நன்கறியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாண்டன. தீக்காயத்தோடு துடிப்பவரின் கட்டை அவிழ்க்கும்போது, மருந்தைப் போலவே ஆறுதலான ஒரு சொல்லும் வேண்டும் என்பதை இங்குள்ள குடும்பங்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆலையில் பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தில் செவிலியர் பட்டம் பெற்ற ஒரு மகளை எண்ணிப் பார்ப்போம். அவள் இங்கிலாந்தில் பணியாற்ற விரும்புகிறாள். படிப்பும் அனுபவமும் இருக்கின்றன. ஆயினும் வாசலில் ஒரு தேர்வு நிற்கிறது. அதுவே ஓ.இ.டி. எனப்படும் தொழில்சார் ஆங்கிலத் தேர்வு.

தேர்வின் இயல்பு

வெளிநாடுகளில் பயின்று வந்த மருத்துவப் பணியாளருக்கென ஆஸ்திரேலியாவில் 1980களின் பிற்பகுதியில் இத்தேர்வு உருவாயிற்று. மெல்போர்ன் மொழியியல் அறிஞர் டிம் மெக்னமாரா அதனை வகுத்தார். இங்கிலாந்தின் செவிலியர் பதிவு மன்றம் 2017 முதல் இதனை ஏற்று வருகிறது.

கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என இதில் நான்கு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 500 மதிப்பெண். கேட்டல், படித்தல், பேசுதல் ஆகியவற்றில் 350ம், எழுதுதலில் 300ம் பெற வேண்டும் என்பது அம்மன்றத்தின் விதி. இரு முறை எழுதிய தேர்வின் மதிப்பெண்களைச் சில நிபந்தனைகளுடன் சேர்த்துக் காட்டவும் இடமுண்டு. ஆகவே ஒரு பகுதியில் தவறினால் எல்லாம் போயிற்று என்று கலங்க வேண்டியதில்லை.

எழுதுதலில் நேரும் பிழை

எழுதுதலுக்கு 45 நிமிடம். முதல் ஐந்து நிமிடங்கள் நோயாளியைப் பற்றிய குறிப்புகளைப் படிப்பதற்கு உரியவை. எஞ்சிய நாற்பதில், வேறொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ ஏறத்தாழ 200 சொற்களில் ஒரு கடிதம் வரைய வேண்டும். நம் பிள்ளைகள் பலர் குறிப்பில் உள்ளவை அனைத்தையும் கடிதத்தில் இறக்கிவிடுகின்றனர். பள்ளியில் மனப்பாடம் செய்து எழுதிய பழக்கம் இங்கே இடறுகிறது. கடிதம் எதற்கு என்பது முதல் பத்தியிலேயே விளங்க வேண்டும். பெறுபவருக்குத் தேவையானதைச் சொல்வதும், தேவையற்றதை விடுவதுமே இங்கு திறமை.

பேசுதலில் பண்பும் அளக்கப்படும்

பேசும் பகுதியில் தேர்வு நடத்துபவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். ஏறத்தாழ ஐந்து நிமிடம் வீதம் இரண்டு உரையாடல்கள் நடைபெறும். இலக்கணமும் உச்சரிப்பும் மட்டுமல்ல, நோயாளியின் அச்சத்தைப் புரிந்துகொண்டாளா, இடைமறிக்காமல் கேட்டாளா, விளங்கும்படி சொன்னாளா என்பவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

தமிழில் 'உட்காருங்கள்' என்றால் வினைச்சொல்லின் விகுதியிலேயே மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கில வினைக்கு அத்தகைய விகுதி இல்லை. வெறும் 'சிட்' என்றால் அது கட்டளையாக ஒலிக்கும். 'பிளீஸ்' என்றோ 'உட்கார முடியுமா' என்ற கேள்வியாகவோ அமைத்துச் சொல்லப் பழக வேண்டும்.

ஒலியிலும் கவனம் தேவை. மாத்திரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் கட்டணச் சீட்டைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பில்' தான்! நம் 'ப' ஒன்றே இரண்டு ஒலிகளுக்கும் நிற்கிறது. நோயாளிக்கோ இரண்டும் வெவ்வேறு. அவ்வாறே எரிச்சல், குடைச்சல், கடுப்பு, சுருக்கென்ற குத்தல் என வலியை வேறுபடுத்திச் சொல்லும் ஆங்கிலச் சொற்களையும் தேடிக் கற்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் அரண்மனை போன்ற பயிற்சிக்கூடம் வேண்டியதில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் ஆங்கிலச் செய்தியைக் கேட்டுக் குறிப்பெடுக்கலாம். வார்டில் அன்று கண்ட நோயாளி ஒருவரைப் பற்றி, பெயரைக் குறிப்பிடாமல், இரவில் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். தங்கையை நோயாளியாக அமர்த்தி உரக்கப் பேசிப் பழகலாம். தவறினால் வீட்டார் நகைக்கக் கூடாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

தேர்வுக் கட்டணமே 500 ஆஸ்திரேலிய டாலருக்கு மேலாகிறது. பல மாதக் கூலியை விழுங்கும் தொகை இது. ஆகவே, ஆயத்தமாகும் முன்னரே அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து தேறிய பிறகு கட்டுவதே அறிவுடைமை.

'தேர்வே வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறோம்' என்பவர்களின் நிழலையும் மிதிக்காதீர்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று முதலில் கேளுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது, அங்கும் விசாரிக்கலாம். இத்தேர்வோடு பயணம் முடிவதில்லை. கணினி வழித் தேர்வொன்றும், அங்கு சென்றபின் செய்முறைத் தேர்வொன்றும் உண்டு. இவற்றை அறியாமல் நகையை அடகு வைத்துவிட்டு, பின்னர் மகள்மேல் சினம் கொள்வது முறையன்று.

அயல்நாட்டு மருத்துவமனையில் நள்ளிரவில் ஒரு முதியவர் தம் வலியைத் தம் மொழியில் முனகுவார். அவ்வேளையில் அருகில் நிற்கப் போகிறவள் நம் மகள். அவர் சொல்வதைப் பிழையின்றிப் புரிந்துகொள்ள வேண்டியது அவள் கடமை. அந்நோக்குடன் படித்தால் தேர்வு தடையாகத் தோன்றாது. தவறிவிட்டாலும், படித்தது வீணாகாது. விருதுநகர் மருத்துவமனை வார்டிலும், அஞ்சி நிற்கும் ஒரு தாயின் பேச்சை இடைமறியாமல் கேட்கும் பழக்கம் அவளிடம் எஞ்சியிருக்கும்.