மீன் பார்க்கும் முட்டம்

கடலோர ஊரான முட்டத்தைப் பலரும் முதலில் பார்த்தது திரையில்தான். 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986-இல் ‘கடலோரக் கவிதைகள்’. இரண்டும் பாரதிராஜா இயக்கி, பி.கண்ணன் ஒளிப்பதிவு செய்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு இங்கே கேமராவோடு வருபவர்களின் மனதில் கோணம் முன்பே பதிந்துபோயிருக்கிறது: பாறை, அலை, தூரத்தில் இரண்டு உருவங்கள். அந்தப் பிடியிலிருந்து விடுபட மீன்கண் லென்ஸ் நல்ல துணை.

அதன் பெயருக்குக் காரணம் உண்டு. தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, மேலே உள்ள உலகம் முழுவதும் சுமார் 97 பாகை விரிந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒளி விலகல் செய்யும் வேலை அது. பாறையோரம் முங்கிச் சிப்பி எடுப்பவர்கள் அந்த வட்டத்தைக் கண்டிருப்பார்கள். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-இல், தண்ணீர் நிரப்பிய ஊசித்துளைக் கேமராவால் அதைப் படம் பிடித்துக் காட்டினார். 1920-களில் இங்கிலாந்தின் ராபின் ஹில், மேகங்களை ஆராய்வதற்காக வானம் முழுவதையும் ஒரே படத்தில் கொண்டுவரும் லென்ஸை உருவாக்கினார். சாதாரணக் கேமராக்காரர் கைக்கு அது வந்து சேர 1960-கள் ஆயின.

இந்த லென்ஸில் படத்தின் நட்டநடுவே செல்லும் கோடு மட்டுமே நேராக நிற்கும். மற்றதெல்லாம் வெளிப்பக்கமாக வளையும். முட்டத்தில் இது முக்கியம், ஏனென்றால் இங்கே எங்கு திரும்பினாலும் அடிவானம் உண்டு. கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் கடல் மேடாக உப்பும். மேலே தூக்கினால் கிண்ணமாகக் குழியும். பூமி உருண்டை என்று காட்டும் அந்த வித்தை இரண்டாவது படத்திலேயே அலுத்துவிடும். கேமராவை மட்டமாகப் பிடித்து அடிவானத்தை நடுவில் வையுங்கள். பிரிட்டிஷார் குன்றின்மேல் கட்டிய கலங்கரை விளக்கத்தை நடுச் செங்குத்துக் கோட்டில் நிறுத்துங்கள். கடலும் கோபுரமும் நேராக நிற்க, மேகமும் பாறையும் அவற்றைச் சுற்றி வளையும். அந்தப் படத்தில் ஊரின் இருப்பு தெரிகிறது.

மீன்பிடித் துறைமுகத்தில் கதை வேறு. அலைத்தடுப்புச் சுவர் ஏற்கெனவே வளைந்தது. லென்ஸ் அதை அணைக்கும் கையாக்கிவிடுகிறது. ஒரு விசைப்படகின் அணியத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றால் அது மட்டும் பெரிதாக எழும், மற்றப் படகுகள் பின்னால் சிறுத்து வரிசைகட்டும். ஏலம் நடக்கும் இடத்தில் மட்டும் இந்த லென்ஸை எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்பவரின் உடல் கோணிப்போகும். உழைத்துக் கரையேறியவரை அப்படிக் காட்டுவது மரியாதை அல்ல.

மாலையில் வெயில் மேற்கே சாயும்போது நம் நிழலே படத்துக்குள் வந்து விழும். திரும்பிக்கொண்டு சூரியனையே சட்டத்துக்குள் விடுவது மேல். கோபுரத்தின் பின்னால் அதை ஒளித்துவிடலாம். முன்கண்ணாடி புடைத்திருப்பதால் வழக்கமான காப்பு ஃபில்டரைத் திருக முடியாது. உப்புச்சாரல் நேராகக் கண்ணாடியில் படியும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சாரல் ஓயாத தென்மேற்குப் பருவத்தைத் தவிர்ப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. இந்த லென்ஸ் எதையும் தள்ளிக் காட்டும். காலடிக்கு வந்துவிட்ட அலைகூட வ்யூஃபைண்டரில் எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றும். முட்டம் பாறைகள் வழுக்கும், அலை சொல்லிக்கொண்டு வராது. ஈரம் ஏறிய பாறையில் நின்று கேமராவைக் கண்ணில் வைக்காதீர்கள். கூடவே ஒருவரைக் கடலைப் பார்த்துக்கொள்ள நிறுத்துங்கள்.