சோறும் நிலமும் – 7: எழுபது வளைவு ஏறும் அரிசி

சென்ற வாரம் நெல் வயலின் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். அந்த நெல் போய்ச் சேரும் ஒரு மலைக்கு இந்த வாரம் ஏறுவோம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையில் ரேஷன் அரிசி மூட்டைகள் ஏறுகின்றன. மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள் இறங்குகின்றன. மலையாளிப் பழங்குடி மக்களின் தட்டும் காடும் எப்படி மாறின என்பதை இந்த ஏற்ற இறக்கமே சொல்லிவிடும்.

முன்பு இந்தச் சரிவுகளில் மழையை நம்பிச் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்தன. சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுளச் சாமை என்று பல வகைகள். ஊடே கடுகும் மொச்சையும் துவரையும் இருக்கும். தாள் மாட்டுக்கு, எரு காட்டுக்கு, தானியம் குதிருக்கு. வீட்டில் என்ன வெந்ததோ, அதுதான் காட்டில் விளைந்தது.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? காரணம் தேடினால் முதலில் உரலில்தான் போய் முட்டுவோம். சாமையின் உமி லேசில் கழலாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தினால்தான் உலையில் போட முடியும். அத்தனையும் பெண்களின் தோளில் விழுந்த வேலை. நெல்லுச்சோறோ விருந்து நாளின் சோறு. அந்த அரிசி 2008-ல் ரேஷன் கடையில் கிலோ 1 ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைத்தது. பசியை விரட்டிய திட்டம் அது. உலக்கையைக் கீழே வைத்த கைகளைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால், சாமை உண்ண வேண்டிய தேவை குறைந்ததும் சாமை விதைக்க வேண்டிய தேவையும் குறைந்தது. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பேருந்துக்கும் காசு வேண்டும். அந்தக் காசு மரவள்ளியில் இருந்தது. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுப்பது, இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் முளைத்த தொழில். இன்று சேலம், நாமக்கல் பகுதி ஆலைகள் மலைக்கிழங்கையும் வாங்கிக்கொள்கின்றன. அங்கே திரளும் ஜவ்வரிசி வடமாநிலங்களின் விரத நாள் கிச்சடிக்குப் போகிறது.

மரவள்ளி வறட்சி தாங்கும் நல்ல பயிர்தான். அதைச் செங்குத்தான சரிவில் ஆண்டுக்கு ஆண்டு தனிப்பயிராக நட்டால்தான் தொல்லை. இலை விரிந்து நிலத்தை மூட மாதங்கள் ஆகும். அதுவரை மழை வெற்று மண்ணில் அறைகிறது. அறுவடையின்போது கிழங்கைப் பிடுங்க மண்ணைக் கிளற வேண்டும். கிழங்கோடு மண்ணிலிருந்து சாம்பல் சத்தும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட மூட்டை உரம் வாங்க வேண்டியிருக்கிறது. சாமைத் தாள் இல்லாத வீட்டில் மாடும் குறைகிறது, எருவும் குறைகிறது.

மலைக்கு வெளியே விழும் சுமையையும் பார்ப்போம். ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் ஆகும் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. ஒரு குடும்பத்தின் மாத ரேஷன் 20 கிலோ அரிசி என்று கொண்டால், அதற்கு ஏறக்குறைய 30 கிலோ நெல் வேண்டும். அதாவது 75,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஆறுக்கும் மேல், ஒரு குடும்பத்துக்கு, ஒரே மாதத்தில்! சாமையும் நீர் குடிக்கும். ஆனால் தன் காட்டில் பெய்த மழையோடு நிறுத்திக்கொள்ளும். ஆற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ கேட்காது. நீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன் எழுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலின் வேரோ இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடழித்து நட்ட எண்ணெய்ப் பனையில் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த மலைவீட்டின் சுமை, நகரத்து வசதியான வீட்டின் சுமைக்கு முன்னால் சிறியது. வாரந்தோறும் இறைச்சியும் குளிரூட்டியும் காரும் உள்ள வீட்டிலிருந்து கொண்டு ஏழையின் சோற்றுக்குக் கணக்குக் கேட்பது அறம் ஆகாது. தட்டில் எது விழ வேண்டும் என்பதை அந்த மலைவீடு தீர்மானிக்கவில்லை. அரசு எதை மூட்டை கட்டியதோ, சந்தை எதற்குக் காசு கொடுத்ததோ, அது தீர்மானித்தது.

ஆகவே மாற வேண்டியதும் மூட்டைதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் விதைகளைக் காத்து, உமி நீக்கும் சிறு எந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்து, மகளிர் குழுக்கள் வழியே சிறுதானியத்தை விற்க உதவியது. உரலின் வலியை எந்திரம் வாங்கிக்கொண்டால் சாமைக்கு மீள வழி உண்டு என்பதை அது காட்டியது. 2023-ல் தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தைச் சேர்த்தே சொல்கிறது.

அரிசியைப் பறிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் சாமைக்கும் ஓர் இடம் கொடுங்கள். கொல்லிமலையில் விளையும் சாமையை நியாய விலைக்கு வாங்கி, மலையிலேயே உமி நீக்கி, மலையின் ரேஷன் கடையிலேயே கொடுங்கள். அந்த மூட்டைக்கு எழுபது வளைவுகளையும் ஏற வேண்டிய அவசியமே இல்லை.

(தொடரும்)