நிலாவெளி வீதியால் வருகிறவர்கள்

திருகோணமலைக் கரைக்கு வந்த விருந்தாளிகளில் உலகம் அதிகம் அறிந்தவர் றொபேட் நொக்ஸ். 1659இல் புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலேயக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கியது. அதன் தலைவரின் மகன் அவர். மூதூர்க் கரையில் இருந்தவர்கள் வந்தவர்களோடு பண்டம் மாற்றிக்கொண்டார்கள், நல்லபடியாகப் பழகினார்கள். அடுத்த ஆண்டு கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் வந்து அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலைநாட்டு ஊர்களில் ஆளுக்கொரு திசையாக வைக்கப்பட்டார்கள். சோறு போடுவது அந்தந்த ஊராரின் கடமை என்று கட்டளை. ஏறத்தாழ இருபது வருடம் கழித்துத் தப்பிப்போன நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலால்தான் ஆங்கிலேயர் இந்தத் தீவைப் பற்றி விரிவாக அறிந்தார்கள். அவர்கள் பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு புளியமரத்தைக் காட்டி, வெள்ளைக்காரன் மரம் என்பார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் படுவது இதுதான்: வந்தவனை வரவேற்றது ஊர், பிடித்தது அரசு. திருகோணமலையின் விருந்தோம்பலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கிறது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பதால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் இதற்காக மோதினார்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1942 ஏப்ரலில் யப்பானியர் குண்டு போட்டார்கள். பிரித்தானியக் கடற்படை 1957இல்தான் போனது. இவ்வளவையும் கண்ட ஊர் அந்நியன் என்றாலே கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை.

பாலங்கள் வருவதற்கு முன்பு இங்கே விருந்தோம்பலை வளர்த்ததில் காத்திருப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மட்டக்களப்பு வீதியால் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஐந்து இடத்தில் பாதை ஏற வேண்டும். பாதை என்றால் இரும்பு மிதவை. பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாக ஏறும், கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுப்பார்கள். அக்கரையில் நிற்கும் பாதை இக்கரைக்கு வரும்வரை கடை வாங்கில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், எங்கே போறியள், பிள்ளைகள் எத்தனை என்று தொடங்குவார். இரண்டாவது தேத்தண்ணிக்கு அவர் காசு கொடுத்திருப்பார். இருட்டிப் பாதை நின்றுவிட்டால் கிண்ணியாக் காக்கா ஒருவரின் வீட்டில் படுக்க இடம் கிடைக்கும். மூதூரிலிருந்து லோஞ்சில் குடாவைத் தாண்டிப் பட்டினத்து ஆசுப்பத்திரிக்கோ கச்சேரிக்கோ வந்தவர்களுக்கும் இதே கதைதான். கடைசி லோஞ்சைத் தவறவிட்டவருக்கு ஒரு தெரிந்த வீடு இருக்கும். அடுத்த முறை அவர் வரும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவருவார். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற கணக்கு அதில் இருந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன், ஏனென்றால் அந்த வீட்டு உறவுகள் சில இன்றும் அறுபடவில்லை.

பிறகு போர் வந்தது. வீட்டில் இருப்பவர் யார் யார் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டிய காலம். இரவு தங்க வந்த சொந்தக்காரரையும் பதிய வேண்டும். மச்சான் வந்தால் மகிழ்வதற்கு முன் அவரின் அடையாள அட்டையைக் கேட்க வேண்டியதாயிற்று. முன்பின் தெரியாதவன் தண்ணி கேட்டால், படலைக்கு வெளியே வைத்தே கொடுத்து அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொட்டியாரத்தில் நடந்ததே திரும்பவும் நடந்தது: சனத்தின் கையைக் கட்டிப்போட்டது மேலிருந்து வந்த கட்டளை. அந்தக் கட்டுக்குள்ளும் 2004 திசம்பரில் கடல் ஏறியபோது மேட்டு வீடுகள் எல்லோருக்கும் திறந்திருந்தன. 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் கால்நடையாகக் கந்தளாய்க்கு ஓடியபோது அங்கே பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் அடுப்பு மூண்டது.

இன்று பாதைகள் இல்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள். மற்ற நான்கு இடங்களிலும் பாலம் வந்துவிட்டது. நோயாளியை ஏற்றிக்கொண்டு பாதைக்குக் காத்திருந்து பார்த்தவர் எவரும் அந்தக் காலத்துக்காக ஏங்கமாட்டார். ஆனால் வாங்கில் பிறந்த சிநேகிதத்துக்கு இப்போது இடமில்லை.

வருகிறவரும் மாறிவிட்டார். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிறைந்துவிட்டன. சித்திரை தொடங்கி ஆவணி வரை கீழைக்கடல் அமைதியாகக் கிடக்கும் காலத்தில் வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் புறாத்தீவுக்குப் படகேறுகிறார்கள். இது பிழைப்பு, நல்ல பிழைப்பு. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், கொரோனா, 2022 பொருளாதாரச் சரிவு என்று அடிமேல் அடி வாங்கியும் படகுக்காரப் பொடியன்கள் அதை விடவில்லை. சிரித்த முகத்தோடு வரவேற்கிறார்கள், அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. வந்தவர் போகும்போது பில் வரும், இணையத்தில் நட்சத்திரம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

அதே மாதங்களில் அதே வீதியால் இன்னொரு கூட்டமும் வருகிறது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர். வைகாசி வெயிலில் புல்மோட்டை, குச்சவெளி தாண்டி, விடுதிப் பலகைகளுக்குக் கீழே, வெறுங்காலோடு போவார்கள். முன்னால் ஒருவர் கையில் வேல். 1983க்குப் பிறகு நின்றுபோன இந்த யாத்திரையை 1988இல் மீண்டும் தொடக்கியவர்களில் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர் ஒருவர். இந்த ஊர்ச் சோற்றை முன்பே உண்டு நடந்த வெளியார் அவர்.

இவர்களிடம் யாரும் பில் நீட்டுவதில்லை. பெயரும் கேட்பதில்லை. சின்னப்பிள்ளையானாலும் கிழவியானாலும் ‘சாமி’தான். படலையடியில் குடத்தில் தண்ணீர், பக்கத்தில் தேசிக்காய்த் தண்ணி வாளி. ‘சாமி, காலைக் கழுவிட்டு இருங்கோ, சோறு வடிச்சாச்சு’ என்று ஒரு அம்மா சொல்வார். வாழையிலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். சாப்பிட்டு எழும்பினதும் வீட்டுக்காரர் நெற்றியைக் காட்டி நிற்பார், யாத்திரிகர் திருநீறு பூசிவிடுவார். மூதூர் கிழக்கில் கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர்ப் பக்கத்திலும் இப்படித்தான். சம்பூர்ச் சனம் 2006இல் விட்டோடிய தங்கள் காணிகளுக்கு 2015, 2016இல்தான் திரும்பிவர முடிந்தது. பத்து வருடம் முகாம்களில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். வீடு முழுதாக எழும்புமுன்பே யாத்திரிகருக்குப் பந்தல் போடுவது அவர்களுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

அன்றைக்கு யாத்திரிகர் எப்போது வருவார் என்று தெரியாமல் தினமும் பானையில் ஒரு பிடி கூடப் போட்டார்கள். இன்றைக்கு முந்தின ஊரிலிருந்தே கைபேசியில் தகவல் வந்துவிடும்: ‘நாளைக்கு நாற்பது சாமிமார் வருகினம்.’ எத்தனை கொத்து அரிசி, யார் வீட்டில் இரவு, யாருக்குக் கால் வெடித்திருக்கிறது, மருந்து வேண்டுமா என்பதெல்லாம் அதிலேயே பேசி முடிந்துவிடுகிறது.