குழந்தையின் வியர்வை கூறும் செய்தி

வியர்வையின் உப்பைப் பற்றிச் சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையின் வெப்பத்தில் உழைத்து மேலேறியவர்களின் சட்டையில் உப்புப் பூத்துக் கிடந்ததை அவ்வூர் கண்டிருக்கிறது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பொன் எடுத்தனர். 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்தம் மக்களுள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர்.

அத்தகைய குடும்பமொன்றில் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள், மருத்துவமனையில் குழந்தையின் குதிகாலைக் குத்திச் சில சொட்டு இரத்தம் எடுக்கின்றனர். பின்னர், "சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் நோய் இருக்கலாம், மறு சோதனைக்கு வாருங்கள்" என்று செய்தி வருகிறது. வீட்டில் கலக்கம் சூழ்கிறது. "தாத்தாவின் சுரங்க இருமல் பேரனைத் தொட்டுவிட்டதோ?" என்கிறாள் பாட்டி.

அவ்வச்சம் வேண்டா. 1940-களில் கோலார் தங்கவயல் தொழிலாளரிடையே ஆராயப்பட்ட சிலிக்கோசிஸ், பாறைத் தூசியால் வருவது. அது பிள்ளைகளைத் தொடர்வதில்லை. சிஸ்டிக் பைப்ரோசிஸோ தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறையினால் உண்டாவது. அம்மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. உடலின் உயிரணுக்களில் உப்பும் நீரும் சென்று வரும் வழி இந்நோயில் பழுதுபடுகிறது. சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கிறது. கணையத்தின் குழாயும் அடைபடுவதால், டிரிப்சினோஜன் என்னும் பொருள் இரத்தத்தில் மிகுகிறது. குதிகால் இரத்தத்தில் அளக்கப்படுவது அதுவே. 1979-இல் நியூசிலாந்து ஆராய்ச்சியாளர் இம்முறையை வெளியிட்டனர்.

ஆயினும், குறைமாதப் பிறப்பு, கடினமான பிரசவம் முதலிய வேறு காரணங்களாலும் அப்பொருள் மிகக்கூடும். எனவே முதற் சோதனை ஐயம் எழுப்புமேயன்றித் தீர்ப்பு வழங்காது. மறு சோதனைக்கு அழைக்கப்படும் குழந்தைகளுள் பலர் நோயற்றவர்களே.

தீர்ப்பு வழங்குவது வியர்வை. 1948-இல் நியூயார்க் நகரைக் கடும் வெப்பம் தாக்கியபோது இந்நோயுள்ள குழந்தைகள் சோர்ந்து விழுந்தனர். அதனை ஆராய்ந்த டாக்டர் பால் டி சான்ட் ஆக்னீஸ், அவர்களது வியர்வையில் உப்பு மிகுதி என்பதை 1953-இல் வெளியிட்டார். இன்று கையிலோ தொடையிலோ மருந்து தடவி, மெல்லிய மின்னோட்டம் செலுத்தி வியர்க்கச் செய்து, அவ்வியர்வையை அரைமணி நேரம் சேகரிக்கின்றனர். ஊசி இல்லை. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது மேற்பட்டிருந்தால் நோய் உண்டு எனக் கொள்வர். 30-க்குக் குறைந்தால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்டால் மரபணுச் சோதனை தேவைப்படும். குழந்தை இரண்டு வாரம் கடந்து, 2 கிலோவுக்கு மேல் எடையுடன் இருத்தல் நலம்.

தாயைப் பழிக்கும் வழக்கத்தை இவ்விடத்தில் கைவிட வேண்டும். நோயின்றி இம்மரபணுவைத் தாங்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் நம் வழக்கத்தில், இருவரும் ஒரே குறையைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பழி எவருக்கும் இல்லை. அறிந்துகொள்ளும் கடமை இருவருக்கும் உண்டு.

எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை செய்யும் தேசியத் திட்டம் நம் நாட்டில் இல்லை. ஆகவே முத்தமிடுகையில் நெற்றி கரித்தல், நன்றாகப் பாலுண்டும் எடை ஏறாமை, எண்ணெய்ப் பசையுடன் நாறும் மலம், ஓயாத இருமல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுக. இருமலைக் காசநோய் என்றே கருதிக் காலம் கழித்தல் தவறு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இந்நோயுள்ள குழந்தைகளைக் கவனித்து வரும் இடங்களுள் ஒன்று; தங்கவயலுக்கு அது தொலைவன்று.

முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லையெனினும், செரிமான நொதி, கூடுதல் உப்பு, சத்துணவு, சளி அகற்றும் பயிற்சி, தொற்றுக்கேற்ற மருந்து ஆகியவற்றை முன்கூட்டியே தொடங்கினால் குழந்தை தேறி வளரும். மறு சோதனைக்கு அழைத்தால் அஞ்சி ஒதுங்காமல் செல்க. அந்நாள் தவறினால் இழப்பது குழந்தையின் வளர்ச்சிக் காலமேயாகும்.