நாலு கொடியை விட்டுவையுங்கள்

கவாத்து முடிந்து துளிர் விரியும் நேரத்தில் நாலு நாள் சாரல் விடாமல் பிடித்தால், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிக்குத் தூக்கம் போய்விடும். இலை மேல் எண்ணெய் சிந்தியதுபோல் மஞ்சள் புள்ளி. திருப்பினால் வெள்ளைப் பூசணம். அடிச்சாம்பல் நோய் பூங்கொத்தில் ஏறிவிட்டால் அந்தப் போகம் போனதுதான். உடனே கடைக்கு ஓட்டம். போன முறை வாங்கிய அதே மருந்து, இந்த முறை அளவு கொஞ்சம் தூக்கலாக.

அந்தத் தூக்கல்தான் கவலை தருகிறது.

1970களின் இறுதியில் வந்த மெட்டலாக்சில் என்ற மருந்துக்கு, 1980களின் தொடக்கத்திலேயே பிரான்ஸின் தோட்டங்களில் இந்நோய் மசியவில்லை. பின்னால் வந்த ஸ்ட்ரோபிலூரின் மருந்துகளுக்கும் அதே கதி. இவை கிருமியை ஒரே இடத்தில் தாக்குபவை. அந்த ஓரிடம் மாறிவிட்டால் கிருமி தப்பிக்கும். தப்பியதுதான் அடுத்து தோட்டம் முழுக்கப் பெருகும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை பல இடங்களில் தாக்குகிறது. 1885-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிலார்டே உலகறியச் செய்த அந்தக் கலவை இன்றும் பலிக்கிறது. மண்ணில் செம்பு சேரும் என்ற ஆட்சேபம் நியாயமே, அளவு தேவை.

ஆராய்ச்சித் திடலில் மருந்தைச் சோதிப்பவர்கள், மருந்தே படாத கொடிகளையும் விட்டுவைப்பார்கள். இலை இலையாக நோயின் பரப்பைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடுவார்கள். அந்தக் கொடிகளிலும் நோய் இல்லையென்றால், காப்பாற்றியது மருந்தல்ல, வெயில். நம் பந்தல்களில் இந்த ஒப்பீடு கிடையாது. அதனால் மருந்து பலித்ததா, செத்துப்போனதா என்று தெரியாமலே அடுத்த தெளிப்புக்குப் பணம் போகிறது.

சோதனையை வீட்டிலேயே தொடங்கலாம். ஊடுருவும் மருந்து அடித்த சில நாளில், எண்ணெய்ப் புள்ளி விழுந்த பத்து இலைகளைப் பறியுங்கள். அடிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, நனைத்த காகிதத்தோடு பாலித்தீன் பையில் கட்டி, ஓர் இரவு இருட்டில் வையுங்கள். காலையில் புதிதாக வெள்ளை பூத்திருந்தால் கிருமி உயிரோடிருக்கிறது. தெளிப்பு தாமதமாகியிருக்கலாம், இலையின் அடியில் படாமலிருக்கலாம், மருந்தே வலுவிழந்திருக்கலாம். எதுவானாலும் அளவைக் கூட்டுவது தீர்வல்ல. இலையோடு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். வேறு வகை மருந்துக்கு மாறுவது பற்றிக் கேளுங்கள்.

பந்தல் ஓரத்தில் நாலு கொடியை மருந்தில்லாமல் விடுங்கள். அவற்றில் நோய் வரும், காய் குறையும். மீதித் தோட்டத்துக்கு மருந்து வேலை செய்கிறதா என்பதை அந்த நாலு கொடிதான் சொல்லும்.